ஈசாக்கு பாடிய மெழுகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நானாகச் சேர்த்தது ஒரு வரிகூட இல்லை. தனசீலன் இன்றும் செம்பூர் திலக் நகரில்தான் இருக்கிறார். அவர் மனைவி ரோஸி இன்றும் காலையில் பாவ் ரொட்டி வாங்கக் கீழே இறங்கி வருகிறாள். கிழமை, மணி, நிமிடம் எல்லாம் தனசீலன் தன் கையாலேயே ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்து வைத்தவை. முப்பது வருடம் அணுசக்தி நகரில் இன்ஸ்ட்ருமென்ட் ஒர்க்‌ஷாப்பில் அளவு பார்த்தே பிழைத்த மனிதர். மணியில் தப்புப் பண்ணமாட்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் மட்டும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து படியுங்கள். இது அருவருப்பான கதை. பயம் அதற்கு அப்புறம்தான் வரும்.

தனசீலனுக்கு வயது ஐம்பத்து நான்கு. செம்பூரில் ஒரு தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் டெனர். ஆண்களில் உச்சத்தில் பாடுகிறவனுக்குத்தான் டெனர் என்று பெயர். ஒவ்வொரு புனித வெள்ளியும், மும்மணி நேர ஆராதனையில், சிலுவைப் பாட்டு ஒன்றை அவர் தனியாகப் பாடுவார். இருபத்தாறு வருடமாக அது அவர் பாட்டு. அதில் மூன்றாவது அடியில் ஒரு இடம் வரும். குரல் உச்சிக்கு ஏறி, அங்கேயே மூச்சு விடாமல் நிற்க வேண்டும். அந்த இடத்துக்காகவே கோவண்டியிலிருந்தும் தாராவியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஆபீசில் அவர் ஒரு டெக்னீஷியன், வீட்டில் ஒரு புருஷன். வருடத்தில் அந்த ஒரு நிமிடம்தான் அவர் தனசீலன்.

2023 புனித வெள்ளியில் அந்த இடத்தில் குரல் உடைந்தது. உடைந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கோழியின் கழுத்தைத் திருகினால் வரும் சத்தம் வந்தது. பின் பெஞ்சில் இளவட்டங்கள் சிரித்தார்கள். அடுத்த வருடம் தவக்காலம் தொடங்கியதுமே பாடகர் குழுத் தலைவர் பொன்னுதுரை அவரைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. இந்தத் தடவ ஜாபெஸும் அந்தப் பாட்டப் படிச்சு வச்சிருக்கட்டும். குருத்தோலை ஞாயிறு அன்னிக்கு ரெண்டு பேரும் படிங்க. பாத்துக்கிடுவோம்."

ஜாபெஸுக்கு இருபத்து நான்கு வயது. நல்ல பையன். தமிழ் எழுத்து தெரியாது, பாட்டை இங்கிலீஷில் எழுதி வைத்துப் பாடுவான். அதனால் தனசீலனுக்கு அவன்மேல் இன்னும் எரிச்சல். இந்தக் குழுவில் பெரும்பாலானோருக்கு ஸ்வரக்குறிப்பும் வாசிக்கத் தெரியாது. எனவே காலம்காலமாக ஒரு வழக்கம் உண்டு. புது டெனர், பழைய டெனரின் வாயருகே காதை வைத்து நிற்பான். பாட்டு காது வழியாக உள்ளே இறங்கித் தொண்டையில் உட்காரும் வரை நிற்க வேண்டும். ஜாபெஸின் காதில் பாடச் சொன்னபோது தனசீலன் இருமல் என்று சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டார்.

மார்ச் 2, சனிக்கிழமை. காலை 11.30. கோவண்டியில் ஃபர்ஸானாவின் கடை. பழைய ரேடியோ, மிக்ஸி, மோட்டார் எல்லாம் எடைக்கு எடுத்து விற்கிற கடை. ஃபர்ஸானா மேலப்பாளையத்துக்காரி. தனசீலன் பழைய ரேடியோ பாகங்களுக்காக மாதம் இரண்டு முறையாவது அங்கே போவார். அன்று கடை மூலையில் ஒரு பெட்டியும், அதன் மேல் பூவாக விரிந்த தகரக் கூம்பும் இருந்தன. பெட்டிக்குள் சாவி கொடுத்தால் சுற்றும் ஸ்பிரிங். கிராமபோனுக்கும் முந்தின சாதனம், போனோகிராப். தட்டுக்குப் பதில் மெழுகு உருளையில் பாடும்.

உருளை ஒன்றே ஒன்று இருந்தது. அட்டை டப்பாவில், பஞ்சு சுற்றி. டப்பாவின் மூடியில் தமிழில் பென்சில் எழுத்து: நாசரேத் ஈசாக்கு, டெனர், பம்பாய்.

"அத கையால தொடாதிய அண்ணே," என்றாள் ஃபர்ஸானா. "நா ஒரு வாட்டி எடுத்தேன். பிசுபிசுன்னு ஒட்டுச்சு. மூணு தடவ சோப்பு போட்டும் கை நாத்தம் போவல. ஏக்தம் கந்தா, ஒரே அசிங்கம். சும்மா கொண்டுபோங்க, எனக்கு எடம் காலி ஆனா போதும்."

தனசீலனுக்கு அது காதிலேயே விழவில்லை. அவர் மூடியில் இருந்த பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாசரேத் ஈசாக்கு யார் என்று பம்பாய்த் தமிழ்ச் சபைகளில் பாடுகிற எல்லாருக்கும் தெரியும். பார்த்தவர்கள் ஒருத்தரும் இல்லை, பேச்சு மட்டும் உண்டு. 1904-ல் தெற்கே நாசரேத் என்ற ஊரிலிருந்து கப்பல் துறையில் வேலை தேடி வந்தவன். சபையில் அவன் பாடியதைக் கேட்ட ஒரு கம்பெனிக்காரன், பெட்டிக்குள் பாட அழைத்துப் போனான். அந்தக் காலத்தில் ஒரு உருளையிலிருந்து இன்னொன்றைப் பிரதி எடுக்க அவர்களுக்கு வசதியில்லை. நூறு பேர் வாங்கினால் நூறு முறை பாட வேண்டும். ஐந்து கூம்புகளை முகத்துக்கு எதிரே வட்டமாக வைப்பார்கள். ஒரு முறை பாடினால் ஐந்து உருளை. உருளையை மாற்றி, மறுபடியும் அதே பாட்டு. காலையிலிருந்து பொழுது சாயும் வரை, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. சுதி இறங்கினால் அந்த ஐந்து உருளையும் வீண், கூலியில் பிடிப்பார்கள். வீணான உருளையின் மெழுகைச் சீவி எடுத்து மறுபடி வார்ப்பார்கள். இரண்டு வருடம் அப்படிப் பாடினான் ஈசாக்கு. அதற்கு அப்புறம் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. அவன் உச்சியில் நின்ற அழகைப் பற்றி மட்டும் பேச்சு இருந்தது.

அந்த உச்சி தன் கையில் ஒரு அட்டை டப்பாவில் இருக்கிறது என்று நினைத்து, தனசீலன் ஆட்டோவில் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தார்.

மார்ச் 3, ஞாயிறு. மாலை 4.10. ரோஸி மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். தனசீலன் ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டிருந்தார். டப்பாவைத் திறந்தார். அணைந்த மெழுகுவர்த்தி வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, சொத்தைப் பல் வாடை. உருளை காப்பி நிறத்தில் இருந்தது. மேலே வெள்ளை வெள்ளையாகப் பூசணம். இரண்டு விரலை உள்ளே விட்டு எடுத்து மாட்டினார். ஊசியை இறக்கினார்.

கரகரவென்று ஒரு நொடி. பிறகு ஒரு ஆள் குரல், சந்தையில் கூவுகிற மாதிரி: "நாசரேத் ஈசாக்கு பாடுவது." அந்த நாளில் உருளையில் பெயரைச் சொல்லித்தான் பாடத் தொடங்குவார்கள்.

பாட்டு வந்தது. அதே சிலுவைப் பாட்டு. மூன்றாவது அடியில் குரல் ஏறியது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. தனசீலன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தன் வாழ்நாளில் தான் ஒருமுறைகூட அந்த இடத்தைச் சரியாகப் பாடியதில்லை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. நான்காவது அடியின் பாதியில் உருளை முடிந்துவிட்டது. நோட்டில் எழுதினார்: இரண்டு நிமிடம் ஆறு நொடி.

மெழுகு உருளை பாடப் பாடத் தேயும். இருபது தடவைக்குமேல் தாங்காது. அது அவருக்குத் தெரியும். ஆகவே மொபைலில் பதிவு செய்துகொள்ளப் பார்த்தார். பதிவில் ஸ்பிரிங் சுற்றும் சத்தம் இருந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் இருந்தது. காக்கை இருந்தது. பாட்டு இல்லை. மொபைல் தானாக இரைச்சலைக் குறைக்கும்போது பாட்டையும் சேர்த்துக் குறைத்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

மார்ச் 4, திங்கள். மாலை 5.50. ஸ்டாஃப் பஸ்ஸில் வந்து இறங்கியதும் சட்டைகூட மாற்றவில்லை. இங்கேதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். வேறு எவனும் எட்டி நின்று கேட்டிருப்பான். இவர் பாடகர் குழுக்காரர் அல்லவா, பழக்கம் விடுமா. புது டெனர் பழைய டெனரிடம் நிற்பது போல, கூம்புக்குள் காதை வைத்தார்.

காதில் சூடாகக் காற்று பட்டது.

மூச்சு.

பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அந்தக் காற்று உள்ளே போனது. பாடும்போது வெளியே வந்தது. ஈரமாக. முடிந்ததும் காதைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பழுப்பாக ஏதோ வழுவழுத்தது. முகர்ந்தார். குமட்டியது. ஓடிப்போய்க் கழுவினார். கழுவிக்கொண்டே, எதற்கோ, அந்த மூன்றாவது அடியை மெல்லப் பாடிப் பார்த்தார்.

குரல் ஏறியது. உடையவில்லை. நின்றது.

ஒரு மனிதன் அதற்கு அப்புறம் என்ன செய்வான்? நீங்களும் நானும் அந்தப் பெட்டியைக் கச்சராத் தொட்டியில் எறிந்திருப்போம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நமக்கு அப்படி ஒரு பாட்டு இருந்து, அது போய்த் திரும்பி வந்ததில்லை. தனசீலன் தினமும் 5.50-க்குக் காதை வைத்தார்.

உருளை தேய வேண்டும் அல்லவா. தேயவில்லை. குரல் நாளுக்கு நாள் தெளிவாக வந்தது. பூசணத்தைத் துணியால் துடைத்து வைத்தால், மறுநாள் அதே இடத்தில் அதே அளவில் இருந்தது. மாட்டும்போது விரலில் உருளை இளகியது. துணி துவைத்து ஊறிய உள்ளங்கை போல மெதுமெதுவென்று, வெதுவெதுப்பாக.

வீட்டில் சோறும் மீன் குழம்பும் மெழுகாக ருசித்தன. காலையில் இருமினால் சளி காப்பி நிறத்தில் வந்தது. பேசினில் துப்பினால் தண்ணீரில் கரையாது. மேலே ஆடையாகப் படியும். 11-ந் தேதி திங்கட்கிழமை பேசின் அடைத்துக்கொண்டது. ரோஸி கம்பியை விட்டுக் குத்தி இழுத்தாள். ஒரு பிடி வந்தது.

"என்னங்க இது? டால்டாவா?"

"தெரியல."

"இதுல முடி கெடக்கு." ரோஸி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குட்டைக் குட்டையாக, தடித்த முடி. "மீச முடி மாதிரில்லா இருக்கு."

தனசீலன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மீசை வைத்துக்கொண்டதில்லை.

"டாக்டர்ட்ட போவமா?"

"புனித வெள்ளி முடியட்டும்."

"உங்க வாய் நாறுது. பக்கத்துல படுக்க முடியல. எதையும் ஒளிக்கிறியளா?"

"புனித வெள்ளி முடியட்டும்னு சொன்னம்லா."

ரோஸி அன்றிலிருந்து ஹாலில் பாய் விரித்துப் படுத்தாள். அந்த வாடையைப் பற்றிச் சொல்லும்போது இப்போதும் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

மார்ச் 14, வியாழன். மாலை 5.52. நோட்டில் இந்த நாளுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். உருளை சுற்றத் தொடங்கியதும் பெயர் வரவில்லை. முதலில் ஒரு இருமல் வந்தது. பிறகு ஏதோ பாத்திரத்தில் துப்புகிற சத்தம். கெட்டியாக, நூலாக நீண்டு, விழுகிற சத்தம். அதற்குப் பிறகுதான் பெயரும் பாட்டும். கைக்கடிகாரம் மூன்று நிமிடம் பதினைந்து நொடி காட்டியது.

இரண்டு நிமிடம் ஆறு நொடி ஓடுகிற உருளை. அதே வேகம். அதே நீளம். எங்கிருந்து வந்தது மீதி ஒரு நிமிடம்? அளவு பார்த்தே பிழைத்த மனிதருக்கு அன்று முதன்முதலாகப் பயம் வந்தது. மறுநாள் நான்கு நிமிடம் ஐந்து நொடி. இப்போது துப்பலுக்கு முன்னால் இரண்டு பேர் பேசினார்கள்.

"முடியல ஐயா."

"மறுபடியும்."

அவ்வளவுதான். இரண்டாவது குரல் அதட்டவில்லை. சலிப்பாக, கணக்கனைப் போல, மறுபடியும் என்றது. உடனே துப்பல். உடனே பாட்டு. அந்தப் பாட்டில் மட்டும் ஒரு பிசிறும் இல்லை. அத்தனை அழகு. அது வந்த வாயையும் தனசீலனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் காதை எடுக்கவில்லை.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு. ஆராதனை முடிந்து 11.40-க்கு இருவரும் பாடினார்கள். ஜாபெஸ் நன்றாகத்தான் பாடினான். தனசீலன் பாடி முடித்ததும் பொன்னுதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை நீங்கதான்," என்றார்.

ஜாபெஸ் வந்து கையைக் கொடுத்தான். "அங்கிள், செம. மத்லப், வேற லெவல்." பிறகு தயங்கினான். "அங்கிள்... ஒங்க பல்லுல ஏதோ ஒட்டிருக்கு."

தனசீலன் நாக்கால் துழாவினார். பல் எல்லாவற்றின் மேலும் ஒரே வழுவழுப்பு. பழுப்பாக, ஒரு பூச்சு.

போதும், இனி அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்தார். தொடவும் இல்லை. திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாள். கூம்பின் மேல் ஒரு பழைய லுங்கியைப் போட்டு மூடினார். லுங்கி ஈரமானது. மாற்றினார். மாற்றியதும் ஈரமானது.

28-ந் தேதி, பெரிய வியாழன். காலை 6.15. ரோஸியைக் கூப்பிட வாயைத் திறந்தார். குரல் இல்லை. கரகரவென்று, ஓடி முடிந்த உருளையில் ஊசி உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. லீவு போட்டார். வெந்நீர், மிளகு, தேன் எல்லாம் ஆயிற்று. மதியம் வரை அதே சத்தம். நாளைக்குப் பாட வேண்டும். நாளைக்கு ஜாபெஸ் பாடுவான். பின் பெஞ்சு ஆட்கள் இந்த வருடமும் சிரிப்பார்கள். அதை நினைத்ததும் அருவருப்பெல்லாம் இரண்டாம் பட்சமாகிவிட்டது. அதுதான் அந்த மனிதரின் பலவீனம், சொல்லாமல் விட முடியாது.

மாலை 5.30. ரோஸி சந்தைக்குப் போயிருந்தாள். லுங்கியை எடுத்தார். அது கூம்போடு ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வந்தது.

சாவி கொடுத்தார். ஊசியை இறக்கினார்.

காதை வைத்தார்.

மூச்சு. இருமல். துப்பல்.

"முடியல ஐயா."

"மறுபடியும்."

பாட்டு வரவில்லை.

நான்கு நிமிடம். ஐந்து நிமிடம். உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. ஊசி உருளையின் ஓரத்தைத் தாண்டி வெறும் காற்றில் நின்றது. ஆனாலும் மூச்சு வந்தது...

ஆறு நிமிடம்.

சலிப்பான குரல் கேட்டது. "பக்கத்தில் யார்? புது ஆளா?"

"ஆமா ஐயா."

"டெனரா?"

"ஆமா ஐயா. நல்ல டெனர்."

"கிட்ட வரச் சொல்."

தனசீலன் காதை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. காது கூம்பின் விளிம்பில் ஒட்டியிருந்தது. மெழுகு. சூடாக.

உள்ளே ஏதோ நகர்ந்தது.

ஈரமாக...

மெத்தென்று...

காதுக்குள் நுழைந்தது. நாக்கு.

கத்தினார். குரல் வந்தது. முழுக் குரல். பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்தார். மணி 5.37. கடைசியாக நோட்டில் எழுதியது அதுதான்; இதற்குமேல் வரும் மணியெல்லாம் ரோஸி சொன்னது. அதற்குக் கீழே ஒரு பழுப்புக் கறை.

மறுநாள், மார்ச் 29, புனித வெள்ளி. கோயில் நிறைந்து வாசல் வரை ஆள். 12 மணிக்கு ஆராதனை தொடங்கியது. தனசீலன் வெள்ளைச் சட்டையில், இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றார். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தைப் பிரசங்கம் முடிந்தது. 2.05-க்குப் பொன்னுதுரை தலையசைத்தார்.

பாடினார். மூன்றாவது அடி. உச்சி. நின்றது. பெண்கள் விம்முவது கேட்டது. பின் பெஞ்சில் ஒருத்தன்கூட அசையவில்லை. அவர் ஒரு வருடமாகக் காத்திருந்த நிமிடம் அதுதான். ரோஸிக்குத்தான் முதலில் தெரிந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கண் ரோஸியைத் தேடிக்கொண்டிருந்தது.

நான்காவது அடியின் பாதியில், ஒரு சொல்லின் நடுவில், பாட்டு நின்றது.

வரியை மறந்துவிட்டார் என்று சபையார் நினைத்தார்கள். தனசீலன் தலையை வலப் பக்கம் திருப்பினார். அங்கே யாரும் இல்லை. யாரோ சொல்வதைக் கேட்பது போலக் கேட்டார். பிறகு பணிவாகச் சொன்னார்.

"சரி ஐயா."

முதல் அடியிலிருந்து தொடங்கினார்.

அதே பாட்டு. அதே உச்சி. அதே பாதிச் சொல்லில் நின்றது. தலையைத் திருப்பினார். "சரி ஐயா." மறுபடியும்.

நான்காவது தடவையில் பொன்னுதுரை மைக்கை அணைத்தார். குரல் குறையவில்லை. ஆறாவது தடவையில் வாயோரம் பழுப்பாக வழிந்தது. சட்டையில் சொட்டியது. சொட்டிய இடத்திலேயே உறைந்தது. முன் வரிசையில் ஒரு அம்மாள் வாந்தி எடுத்தாள். ஜாபெஸும் இன்னொருவரும் அவரைத் தூக்கிப் பக்கத்து வெஸ்ட்ரி அறைக்குள் கொண்டுபோனார்கள். அங்கேயும் பாடினார். ரோஸி உள்ளங்கையால் அவர் வாயை அழுத்திப் பொத்தினாள்.

"போதுங்க. போதும். ஏசப்பா, போதும்."

விரல் இடுக்கில் பிதுங்கியது. கைக்குக் கீழே உதடு அசைந்துகொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, நிறுத்தத்தான் முடியவில்லை.

"சரி ஐயா."

"சரி ஐயா."

மூன்று மணிக்கு மணி அடித்தது. பாட்டு நின்றது. அதன்பிறகு இன்றுவரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

மூன்றாம் நாள் தொண்டை டாக்டர் வேங்கடசுப்ரமணியன் குழாய் விட்டுப் பார்த்தார். மாட்டுங்காக்காரர், பெரிய அனுபவஸ்தர். குழாயை உருவிவிட்டு ரோஸியிடம் கேட்டார்.

"இவர் எத்தனை வருஷமா நாள் பூரா பாடிண்டிருக்கார்?"

"வருசத்துக்கு ஒரு பாட்டுதான் டாக்டர்," என்றாள் ரோஸி.

"அப்படிச் சொல்லாதேங்கோ. இது தேஞ்சு போன தொண்டை. ஒரு நாள்ல தேயறதில்லை."

வீட்டுக்கு வந்த ரோஸி அந்தப் பெட்டியை எறியப் போனாள். கூம்பு இருந்தது. ஸ்பிரிங் இருந்தது. உருளை இல்லை. உடைந்த துண்டுகூட இல்லை. கதவு பூட்டியே இருந்தது. அவள் தேடவில்லை. அது எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே அவளுக்குக் குமட்டியது.

ஃபர்ஸானாவிடம் போய்ப் பெட்டி எங்கே கிடைத்தது என்று கேட்டாள். பைக்குல்லா பக்கம் ஒரு பழைய தமிழ்ச் சபையின் சாமான் அறையைக் காலி செய்தபோது வந்தது என்றாள் ஃபர்ஸானா. ஏப்ரல் 20, சனிக்கிழமை மதியம் 2.15-க்கு ரோஸி அங்கே போனாள். ஜாபெஸ் துணைக்கு வந்தான். சபைக் குமாஸ்தா பழைய அடக்கப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். 1906-ல் அந்தப் பெயர் இருந்தது. சபை உபதேசியாரின் கையெழுத்து, மை வெளிறியிருந்தது.

"ஆன்ட்டி, என்ன எழுதிருக்கு? எனக்கு வாசிக்க வராது."

ரோஸி விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"ஆகஸ்டு 11. நாசரேத்து ஈசாக்கு, வயது 31, பாட்டுக்காரன், இன்று அடக்கம். இனித் தன்னை யாரும் பாடச் சொல்லலாகாதென்று கம்பெனி மெழுகைத் தின்று தொண்டையை அடைத்துக்கொண்டு மரித்தான். சவப்பெட்டியை மூடுமுன் கம்பெனி ஆள் வந்து, மெழுகு கம்பெனியின் உடைமை என்று சொல்லி, வாயைத் திறந்து அதை எடுத்துக்கொண்டான். கையில் வைத்துப் பார்த்து, ஒரு உருளை வார்க்கப் போதும் என்றான்."